எப்போது முளைத்தது என்று கேளுங்கள்

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை நேரத்தில் மழை முந்திக்கொண்டால், சாய்ந்த கதிரில் இருக்கும் நெல்மணிகள் தண்ணீரில் கிடந்தபடியே முளைவிட்டுவிடும். நல்ல விலைக்கு விற்கவும் முடியாது, விதைக்கு எடுத்துவைக்கவும் முடியாது. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. சில நெல் ரகங்களை அறுத்த கையோடு விதைத்தால் முளைக்க மறுக்கும். சில வாரங்கள் காய்ந்து கிடந்தால்தான் அவற்றின் உறக்கம் கலையும். அவசரப்பட்ட விதை, அசைய மறுக்கும் விதை என்ற இந்த இரண்டுக்கும் அடியில் பெரும்பாலும் ஒரே கணக்குதான் இருக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் விதையை உறங்க வைக்கிறது, ஜிப்ரெல்லின் எழுப்புகிறது. எது கூடுதலாக இருக்கிறது, எதற்கு விதை அதிகம் செவிசாய்க்கிறது என்பதைப் பொறுத்து முளைப்பு அமைகிறது.

பாடப்புத்தகம் இதை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடும். அந்த இரண்டு வரியை ஆய்வகத்தில் அளந்து நிறுவுவது எப்படி என்பதில்தான் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஒரு பெட்ரித் தட்டு, ஒரு வடிதாள், கொஞ்சம் விதை, ஒரு கரைசல். இவ்வளவுதான் தேவை. கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் செய்யும் சோதனை இது. பார்வைக்கு இத்தனை எளிமையாக இருப்பதாலேயே இதில் தவறான முடிவுக்கு வருவதும் எளிது.

முதலில், ஒரு விதை முளைத்துவிட்டது என்று எப்போது சொல்வது? உலர்ந்த விதையை ஈரத்தில் வைத்தால் முதல் சில மணி நேரம் வேகமாக நீரை உறிஞ்சும். பிறகு உறிஞ்சுவது அநேகமாக நின்றுபோய், எடையில் பெரிய மாற்றம் இல்லாமல் விதை அப்படியே கிடக்கும். அதன்பின் முளைவேர் உறையைக் கிழித்து வெளியே வரும்போது மறுபடி நீரை இழுக்கத் தொடங்கும். முதல் கட்டத்தில் ஹார்மோனுக்கு வேலையே இல்லை. அது வெறும் இயற்பியல். செத்த விதையும் ஊறும், உப்பும். சும்மா கிடப்பதுபோல் தெரியும் இரண்டாம் கட்டத்தில்தான் எல்லாம் நடக்கிறது. சுவாசம் சூடுபிடிக்கிறது, உலர்ந்து கிடந்த காலத்தில் சிதைந்த டி.என்.ஏ. பழுதுபார்க்கப்படுகிறது, புதிய புரதங்கள் உருவாகின்றன. முளைப்பதா, உறங்குவதா என்று தீர்மானமாவதும் அப்போதுதான். உறக்கத்தில் உள்ள விதை இந்தக் கட்டத்திலேயே, முழுக்க ஊறிய நிலையில், நீண்ட காலம் நின்றுவிடும்.

அதனால் தாவர உடலியல் ஆய்வாளர்கள் முளைவேர் வெளியே தெரிவதையே முளைப்பு என்று கொள்கிறார்கள். விதைப் பரிசோதனை நிலையத்தின் அளவுகோல் வேறு. அங்கே வேரும் தண்டும் குறையில்லாமல் வளர்ந்த நாற்றுகளை மட்டுமே எண்ணுவார்கள். நெல்லுக்கு 5-ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 14-ஆம் நாள் இறுதி எண்ணிக்கை. இந்தியாவில் சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். விவசாயிக்குத் தேவை நாற்று என்பதால் அந்த அளவுகோல் அவருக்குச் சரியானது. ஹார்மோன் ஆய்வுக்கு அது போதாது. அப்சிசிக் அமிலம் கலந்த தட்டில் முளைவேர் வெளிவந்த பிறகும் நாற்று பச்சை பிடிக்காமல் நின்றுபோகலாம். வேரை எண்ணியவர் முளைத்தது என்பார். பச்சை இலையை எண்ணியவர் முளைக்கவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான், அளந்த பொருள்தான் வேறு.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் இது இன்னும் நுட்பமாகிறது. அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள அதன் விதையை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு கிழிசல்கள் அடுத்தடுத்து நிகழ்வது தெரியும். முதலில் பழுப்பு நிற வெளியுறை பிளக்கும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய முளைசூழ்தசை கிழிந்து வேர் வெளிப்படும். அப்சிசிக் அமிலம் முதல் கிழிசலை அதிகம் தடுப்பதில்லை, இரண்டாவதைத்தான் தடுக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எண்ணியதால்தான் இந்த ஹார்மோன் எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது என்பது தெரியவந்தது.

அடுத்தது கரைசல். இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துபோவதே வழக்கம். ஜிப்ரெல்லிக் அமிலத்தின் மூலக்கூறு எடை சுமார் 346. ஒரு லிட்டர் நீரில் 34.6 மில்லிகிராம் கரைத்தால் 100 மைக்ரோமோலார் செறிவு கிடைக்கும். அப்சிசிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 264. அதில் 10 மைக்ரோமோலாருக்கு லிட்டருக்கு 2.64 மில்லிகிராம் போதும். வேளாண் பரிந்துரைகள் பி.பி.எம். கணக்கில், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பேசுகின்றன. 500 பி.பி.எம். ஜிப்ரெல்லிக் அமிலம் என்றால் ஏறக்குறைய 1,440 மைக்ரோமோலார். ஒரே பி.பி.எம். அளவில் இரண்டு ஹார்மோன்களை எடுத்தால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. செல் மூலக்கூறுகளை எண்ணுகிறது, மில்லிகிராமை எண்ணுவதில்லை. ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் மோலார் கணக்குதான் நேர்மையானது.

இந்த இரண்டு அமிலங்களும் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. சிறிதளவு எத்தனாலில் கரைத்து, பிறகு நீரில் சேர்ப்பார்கள். எத்தனாலுக்கே முளைப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆகவே ஹார்மோன் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டில் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாது. மற்றத் தட்டுகளில் எவ்வளவு எத்தனால் போகிறதோ அதே அளவு அதிலும் இருக்க வேண்டும். செறிவு கூடும்போது எத்தனாலும் கூடிக்கொண்டே போகும்படி கரைசல் தயாரித்துவிட்டால், கடைசியில் கிடைக்கும் வளைகோடு ஹார்மோனுடையதா சாராயத்துடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் அமிலங்கள் என்பதால் அதிகச் செறிவில் கரைசலின் புளிப்பும் மாறும்; அதையும் சரிசெய்தாக வேண்டும். ஜிப்ரெல்லின் கரைசல் நாள்பட வைத்தாலும் சூடுபடுத்தினாலும் சிதையும். ஆகவே நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்காமல் நுண்வடிகட்டியில் வடித்து, ஆறிய அகாரில் சேர்ப்பார்கள். அப்சிசிக் அமிலம் ஒளி பட்டால் செயலற்ற வடிவத்துக்கு மாறும். மேலும் தாவரம் தயாரிப்பது அதன் ஒரு வடிவத்தை மட்டுமே. தொழிற்சாலையில் மலிவாகக் கிடைப்பதோ அதுவும் அதன் கண்ணாடிப் பிம்ப வடிவமும் சரிபாதி கலந்த கலவை. எதை வாங்கினோம் என்று எழுதாத கட்டுரையில் செறிவு பற்றிய எண்ணுக்குப் பாதி மதிப்புதான்.

தட்டை மூடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. திறந்து வைத்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகும். முதல் நாள் 1 மைக்ரோமோலாராக இருந்தது நான்காம் நாள் அப்படியே இருக்காது. இறுக மூடினால் எத்திலீன் தேங்கும். இந்த வாயுவும் ஒரு ஹார்மோன். முளைக்கும் விதைகளே இதை வெளியிடுகின்றன. நிலக்கடலையில் புதிதாக அறுத்த பருப்பின் உறக்கத்தைக் கலைப்பதில் எத்திலீன் முன்னணியில் இருக்கிறது. அதை வெளியிடும் எத்தபான் மருந்தை இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். அதே அறையில் பழுத்த மாம்பழமோ வாழைப்பழமோ இருந்தாலே சில விதைகளில் முடிவு மாறிவிடும் வாய்ப்பு உண்டு.

ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லெட்டூஸ் விதைகள் சிவப்பு ஒளியில் முளைக்கும், அதைவிட நீண்ட அலைநீளமுள்ள தொலைசிவப்பு ஒளியைக் கடைசியாகக் காட்டினால் முளைக்காது என்பதை 1952-இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் காட்டினார்கள். பின்னாளில் அந்தச் சிவப்பு ஒளி விதைக்குள் ஜிப்ரெல்லின் தயாரிப்பைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. ஆக, இருட்டில் வைத்த தட்டை எண்ணுவதற்காக ஒரு நிமிடம் விளக்கடியில் திறந்தாலே ஹார்மோன் அளவை மாற்றிவிடுகிறோம். அதனால் இருட்டுச் சோதனைகளில் மங்கலான பச்சை விளக்கில் எண்ணுவார்கள். அல்லது ஒவ்வொரு நாளுக்கும் தனித் தட்டுகள் வைத்து, எண்ணியதும் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுவார்கள்.

இனி எண்ணிக்கை. 25 விதை வைத்த ஒப்பீட்டுத் தட்டில் 20 முளைத்தன. ஜிப்ரெல்லின் தட்டில் 22 முளைத்தன. 80 சதவீதம் 88 ஆனது என்று எழுதலாம், வரைபடமும் போடலாம். ஆனால் உண்மையான முளைப்புத்திறன் 80 சதவீதமாக உள்ள ஒரு விதைக்குவியலில் கண்ணை மூடிக்கொண்டு 25 விதையை எடுத்தால், எதுவுமே செய்யாமல் 64 முதல் 96 சதவீதம் வரை எதுவும் வரலாம். இருபதில் பத்தொன்பது முறை இந்த எல்லைக்குள் இருக்கும். 100 விதை எடுத்தால் அந்த எல்லை 72 முதல் 88 ஆகச் சுருங்கும். 400 எடுத்தால் 76 முதல் 84. பன்னாட்டு விதைப் பரிசோதனை விதிகள் 400 விதை கேட்பதன் நியாயம் இங்கே தெரிகிறது. அந்த 400-ஐயும் நூறு நூறாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். ஒரே தட்டில் உள்ள நூறு விதைகள் நூறு தனிச் சோதனைகள் ஆகிவிடா. அந்தத் தட்டில் பூஞ்சை பிடித்தால் நூற்றுக்கும் சேதம். அடுப்பறைபோல் சூடான மூலையில் அந்தத் தட்டு இருந்தால் நூற்றுக்கும் அதே சூடு. கணக்கில் அலகு தட்டுதான்.

முளைக்காத விதைகளை என்ன செய்வது? பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உறங்கும் விதையும் செத்த விதையும் பார்வைக்கு ஒன்றே. எந்த ஹார்மோனும் செத்ததை எழுப்பாது. ஆகவே மிச்சமுள்ள விதைகளை வெட்டி டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைக்க வேண்டும். உயிருள்ள திசு அந்த நிறமற்ற உப்பைச் சிவப்பாக மாற்றும். ஜெர்மனியில் கியோர்க் லாக்கோன் 1940-களில் உருவாக்கிய முறை இது. 100 விதையில் 30 முளைத்து, மீதி 70-இல் 60 சிவந்தால் அங்கே உறக்கம் இருக்கிறது, ஜிப்ரெல்லினுக்கு வேலை இருக்கிறது. எதுவுமே சிவக்கவில்லை என்றால் அது கெட்டுப்போன விதை. அங்கே ஹார்மோனைச் சோதிப்பதே வீண்.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூட ஒரு இடத்தில் கோட்டை விடுவதைப் பார்க்கிறேன். ஏழாம் நாள் ஒரே ஒருமுறை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு தட்டுகளிலும் ஏழாம் நாள் 96 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்சிசிக் அமிலம் எதுவும் செய்யவில்லை என்று தோன்றும். தினமும் எண்ணியிருந்தால், ஒப்பீட்டுத் தட்டில் பாதி விதைகள் இரண்டாம் நாளே முளைத்ததும், ஹார்மோன் தட்டில் பாதி முளைக்க ஐந்து நாள் ஆனதும் தெரிந்திருக்கும். குறைந்த செறிவில் இந்த ஹார்மோன் பெரும்பாலும் தாமதப்படுத்தும். முழுக்க நிறுத்துவதற்கு அதிகச் செறிவு வேண்டும். பாதி விதைகள் முளைக்க ஆகும் நேரத்தைத் தனி அளவாகவே குறிப்பிடுவது வழக்கம். என் கருத்தில், ஹார்மோன் ஆய்வில் இறுதிச் சதவீதத்தைவிட அந்த நேரமே அதிகம் பேசும். வயலிலும் அப்படித்தான். நாலு நாள் மழை பெய்யும் இடத்தில், ஆறு நாள் தாமதிக்கும் நெல்மணி தப்பித்துவிடும்.

செறிவுகளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு போவதால் பயன் குறைவு. விதையின் எதிர்வினை மடங்குகளில் நடக்கிறது. 0.1, 0.3, 1, 3, 10, 30 மைக்ரோமோலார் என்று மும்மடங்காக ஏறினால் எங்கே விளைவு தொடங்குகிறது, எங்கே உச்சம் தொடுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

தட்டில் ஊற்றும் ஹார்மோனை மட்டும் பார்த்தால் கதையின் பாதிதான் கிடைக்கும். விதை தனக்கான ஹார்மோனைத் தானே தயாரிக்கிறது. அதைப் பிரித்தறிய அற்புதமான ஒரு வழி பார்லியில் கிடைத்தது. பார்லி மணியைக் குறுக்கே வெட்டிக் கருவுள்ள பாதியை எறிந்துவிட்டால், மீதிப் பாதியில் மாவும் அதைச் சுற்றி அலியூரோன் என்ற உயிருள்ள செல் அடுக்கும் மட்டுமே இருக்கும். தானாக அது மாவைக் கரைப்பதில்லை. ஜிப்ரெல்லின் கொடுத்தால் அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்கத் தொடங்குகிறது. 1960-இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பாலெக்கும் ஒருவரை ஒருவர் சாராமல் இதைக் கண்டார்கள். சாதாரண விதையில் கரு அனுப்பும் சேதியே ஜிப்ரெல்லின் என்று இதனால் விளங்கியது. 1967-இல் ஃபில்னரும் வார்னரும் கனமான ஆக்சிஜன் கொண்ட நீரை அந்த அலியூரோன் அடுக்குக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சுரந்த நொதியும் கனமாக இருந்தது. ஏற்கெனவே சேமித்து வைத்திருந்ததை அவிழ்த்துவிடவில்லை, ஹார்மோன் வந்த பிறகே நொதி புதிதாகச் செய்யப்படுகிறது என்பதற்கு அது அசைக்க முடியாத சான்று.

இந்தச் சோதனையின் எளிய வடிவத்தைப் பள்ளியிலேயே செய்யலாம். மாவுச்சத்து கலந்த அகார் தட்டில் அரைமணியை வெட்டுமுகம் கீழே படும்படி வைத்து, இரண்டு நாள் கழித்து அயோடின் ஊற்றினால் தட்டு முழுதும் கருநீலமாகும். மாவு கரைந்த இடத்தில் மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். ஜிப்ரெல்லின் செறிவு பத்து மடங்காகும்போது வட்டத்தின் விட்டம் ஒரு படி கூடும். அப்சிசிக் அமிலத்தைச் சேர்த்தால் வட்டம் சுருங்கும். இரண்டு ஹார்மோன்களின் இழுபறியைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜிப்ரெல்லின் கண்டுபிடிக்கப்பட்டதே நெற்பயிரில்தான். 1926-இல் தைவானில் பணியாற்றிய குரோசாவா, நாற்றுகளை அளவுக்கு மீறி நெட்டையாக்கிக் கொல்லும் ஒரு பூஞ்சையின் சாறு மட்டுமே அதே விளைவைத் தருவதைக் காட்டினார். டோக்கியோவில் யபுடா 1935-இல் அந்தப் பொருளுக்கு ஜிப்ரெல்லின் என்று பெயரிட்டார். இன்று 130-க்கும் மேற்பட்ட ஜிப்ரெல்லின்கள் தெரிந்திருந்தாலும் தாவரத்தில் நேரடியாக வேலை செய்பவை சிலவே.

முளைப்பை எண்ணுவதை மிக அழகாகப் பயன்படுத்தியவர் என்று நெதர்லாந்தின் வாகெனிங்கனில் பணியாற்றிய மார்ட்டன் கூர்னீஃபைச் சொல்வேன். ஜிப்ரெல்லின் தயாரிக்க முடியாத அரபிடாப்சிஸ் திரிபுகளை அவரும் சகாக்களும் 1980-இல் விவரித்தார்கள். அந்த விதைகள் வெறும் தண்ணீரில் முளைக்கா. ஜிப்ரெல்லின் கொடுத்தால் முளைக்கும். அடுத்து அந்த விதைகளிலேயே மீண்டும் மரபணு மாற்றங்களை உண்டாக்கி, ஜிப்ரெல்லின் இல்லாமலே முளைப்பது ஏதாவது உண்டா என்று தேடினார்கள். கிடைத்தது. ஆராய்ந்து பார்த்தபோது அவை ஜிப்ரெல்லினைத் திரும்பப் பெற்றிருக்கவில்லை. அப்சிசிக் அமிலம் தயாரிக்கும் திறனை இழந்திருந்தன. உறங்க வைப்பவர் இல்லாவிட்டால் எழுப்புபவர் தேவையில்லை என்பதை 1982-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. 1984-இல் அதே குழு 10 மைக்ரோமோலார் அப்சிசிக் அமிலத்திலும் துணிந்து முளைக்கும் விதைகளைத் தேடியெடுத்து, ஹார்மோனுக்குச் செவிசாய்க்காத திரிபுகளைப் பிரித்தது. இதே தர்க்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 2009-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் ஷான் கட்லர் குழு, விதை முளைப்பைத் தடுக்கும் பைராபாக்டின் என்ற செயற்கை வேதிப்பொருளுக்கு அசராத விதைகளைத் தேடி, அப்சிசிக் அமிலத்தைச் செல்லில் அடையாளம் காணும் புரதமான ஏற்பியைக் கண்டுபிடித்தது. பல்லாண்டுகள் தேடிய ஏற்பிக்கு வழிகாட்டியது தட்டில் முளைத்த விதைதான்.

திரிபுகள் கைவசம் இல்லாதவர்கள் தயாரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களை நாடலாம். பாக்லோபியூட்ரசால் ஜிப்ரெல்லின் தயாரிப்பை நிறுத்தும். ஃப்ளூரிடோன் அப்சிசிக் அமிலத் தயாரிப்பை நிறுத்தும். உறங்கும் விதைகள் பல ஃப்ளூரிடோனில் முளைத்துவிடுகின்றன. அதாவது தாய்ச்செடி கொடுத்தனுப்பிய சேமிப்பால் மட்டும் விதை உறங்குவதில்லை, ஊறிய பிறகும் அந்த ஹார்மோனைப் புதிதாகச் செய்துகொண்டே உறங்குகிறது. ஃப்ளூரிடோன் கரோட்டின் நிறமிகளையும் தடுப்பதால் நாற்றுகள் வெள்ளையாக வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இப்போது திரவ நிறப்பகுப்பும் நிறைநிறமாலையும் இணைந்த கருவிகளால் விதைக்குள்ளிருக்கும் ஹார்மோனையே கிராமுக்கு நானோகிராம் அளவில் அளக்கிறார்கள். அளவு குறையாமலே விதையின் செவி மந்தமானாலும் முளைப்பு மாறும் என்பதால், அந்த விலையுயர்ந்த கருவியும் முளைப்புத் தட்டின் இடத்தைப் பிடிக்க முடியாது.

ஆய்வகத்துக்கு வெளியேயும் இந்தக் கணக்கைக் காணலாம். அப்சிசிக் அமிலம் தயாரிக்க முடியாத மக்காச்சோளத் திரிபுகளில் விதைகள் கதிரிலேயே முளைக்கும். பிச்சாவரத்தில் படகில் போகும்போது சுரபுன்னை மரங்களில் பச்சைக் குச்சிகளாகத் தொங்குபவை, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிட்ட நாற்றுகள். இத்தகைய சதுப்பு மரங்களின் கருக்களில் அப்சிசிக் அமிலம் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மரத்துக்கு அது வாழ்வு முறை. நெல்லுக்கு அது நட்டம். அறுவடை மழையில் சில நாள் தாங்கி, அடுத்த விதைப்புக்குள் உறக்கம் கலைந்துவிடும் நெல் நமக்கு வேண்டும். அந்தச் சில நாளைக் கண்டறிவது இந்தத் தட்டுகளின் வேலை.

விதை முளைப்புச் சோதனை செய்யும் மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. இறுதி நாள் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள்; ஒவ்வொரு நாளும், முடிந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தட்டு தட்டாக எண்ணிய எண்களை அப்படியே வெளியிடுங்கள். எதை முளைப்பு என்று கொண்டீர்கள், ஒப்பீட்டுத் தட்டில் என்ன ஊற்றினீர்கள், முளைக்காதவற்றில் எத்தனை உயிரோடு இருந்தன என்பதையும் எழுதுங்கள். விதை நேர்த்தி மருந்துப் புட்டியில் முளைப்பைக் கூட்டும் என்று அச்சிட்டிருந்தால், வாங்கும் விவசாயிகள் கடைக்காரரிடமும் வேளாண் அலுவலரிடமும் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை விதையில் பார்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனையாவது நாளில் எண்ணினார்கள்?